பதின்மூன்று ஏழைகள் தேவை

யூஜினிக்கு அறுபத்து மூன்றாவது வயதில் சொந்தமாக ஒரு கதவு கிடைத்தது. கதவுக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை, இரண்டு கதிரைகள் போட்டால் மூன்றாவது ஆள் நின்றுகொண்டுதான் பேச வேண்டும் என்கிற அளவில் ஒரு பல்கனி. வருமானம் குறைந்த முதியவர்களுக்கான வாடகை வீடு. அதற்குத் தன் பெயரைப் பதிந்துவிட்டு அவள் காத்திருந்த காலத்தில் தம்பியின் மகள் நதீஷா பள்ளிக்கூடம் முடித்து, பல்கலைக்கழகம் முடித்து, கலியாணம் முடித்து, அதை முறித்தும் விட்டாள்.

கட்டடம் ரொறன்ரோ நகரின் நடுவில், பெரிய ஆஸ்பத்திரிகள் வரிசையாக நிற்கும் வீதிக்குப் பின்னால் இருந்தது. முன்பக்கம் மட்டும் பழைய செங்கல் சுவர். பின்னால் இருந்ததையெல்லாம் இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டி, பழைய முகத்தை அப்படியே ஒட்டவைத்திருந்தார்கள். வாசலில் ஒரு பித்தளைப் பலகை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யூஜினி பார்க்கவில்லை. அவளுக்குக் கதவு போதும்.

யூஜினி தொண்ணூறாம் ஆண்டுப் பனிக்காலத்தில் மன்னாரிலிருந்து வந்து சேர்ந்தவள். சென் ஜேம்ஸ் ரவுணில் ஆறு பெண்கள் ஒரு அப்பார்ட்மென்ரில் படுத்தெழும்பினார்கள். பகலில் மஃபின் தொழிற்சாலை, இரவில் ஹோட்டல் சலவை. அந்த உழைப்பில்தான் தம்பி சூசைதாசனை ஸ்பொன்சர் பண்ணி எடுத்தாள். தம்பி கெட்டிக்காரன். காப்புறுதி விற்றான், பிறகு வீடு விற்றான், பிறகு அஜின்கோர்ட்டில் தானே ஒரு வீடு வாங்கினான். அந்தச் சமயம் பார்த்து அக்காவின் முழங்கால் விட்டுக்கொடுத்தது.

“உங்களுக்கு ஏன் அக்கா வாடகை வீடு? எங்கட பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு” என்றான் சூசைதாசன். அது மனதிலிருந்து வந்த வார்த்தை. யூஜினி பதினான்கு வருடங்கள் அந்தப் பேஸ்மென்றில் இருந்தாள். சமைத்தாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்தாள், முழங்கால் அனுமதித்த நாட்களில் பனியும் வழித்தாள். அந்த வீட்டில் தம்பியோ அவன் மனைவி அன்ரனெற்றோ, யாரும் அவளை ஒருநாளும் வேலை செய்யச் சொன்னதில்லை. அவள் வேலை செய்யாமல் இருந்த நாள் ஒன்றும் இல்லாதபடியால், சொல்லியிருப்பார்களா என்பதும் யாருக்கும் தெரியாது.

அந்தப் பேஸ்மென்றில்தான் அவள் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாள். எனக்கென்று ஒரு கதவைத் தாரும், உம்முடைய திருநாளுக்குப் பதின்மூன்று ஏழைகளுக்கு என் கையால் சமைத்து என் கையால் பரிமாறுகிறேன் என்று. அவள் குடும்பத்தில் இந்த நேர்த்திக்குக் கடுமையான முறை உண்டு. சாப்பிடுகிறவர்கள் ஏழைகளாக இருக்க வேண்டும். அவர்களிடமிருந்து எதுவும் வாங்கக் கூடாது. காசு மட்டுமில்லை, கைவேலையும் கூடாது. ஒருவர் எழும்பித் தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தானே கழுவிவிட்டால் அவர் கணக்கில் இல்லை. சும்மா கொடுத்ததாக இருக்க வேண்டும், முழுக்கச் சும்மா.

அந்தோனியார் காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தருகிறவர். தந்ததைக் காணாமற்போகச் செய்யவும் அவருக்குத் தெரியும் என்பது யூஜினியின் ஊர்ப்பக்கத்து நம்பிக்கை. அவளுடைய மாமி ஒருத்தி நேர்த்தியைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு ஒரு வள்ளத்தை இழந்தவள். கதவு கிடைத்தது பங்குனியில். திருநாள் ஆனி பதின்மூன்று, இங்கத்தைக் காலண்டரில் ஜூன். அதற்குள் பதின்மூன்று ஏழைகள் வேண்டும். இல்லாவிட்டால் கதவு போய்விடும். யூஜினிக்கு அதில் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

முதலில் தம்பிக்குப் போன் பண்ணினாள்.

“உதுக்கு ஏன் ஓடித் திரியிறியள்?” என்றான் சூசைதாசன். “கோயில் ஹோலிலை வையுங்கோ. பதின்மூண்டு என்ன, நூற்றிமுப்பது பேர் வருவினம்.”

“வருவினம். என்னத்திலை வருவினம்? போன திருநாளுக்குக் கார் விட இடமில்லாமல் நீயே அடுத்த வீதியிலை விட்டிட்டுத்தான் நடந்து வந்தனி.”

“கார் வைச்சிருந்தால் ஏழை இல்லையோ? லீஸ் கட்டிப் பாருங்கோ, தெரியும்.”

“தம்பி, நேர்த்தி எனக்கும் அந்தோனியாருக்கும். லீஸ் கொம்பனியை உதுக்குள்ளை கொண்டு வராதை.”

வாசலில் இருந்த பலகையை அவளுக்கு வாசித்துக் காட்டியவர் மோகனசுந்தரம். கோயம்புத்தூர்க்காரர், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வீட்டுக்கென்று வந்து, மகனுடன் சில விஷயங்களில் கருத்து வேறுபட்டு, அதே கட்டடத்தின் ஐந்தாம் மாடிக்குக் குடிவந்தவர். எந்த விஷயங்களில் என்று அவர் சொல்வதில்லை. காலையில் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு வாசலில் நிற்பார், அலுவலகக் கார் வரப்போகிற மாதிரி.

“இது என்ன இடம்னு தெரியுமாம்மா உங்களுக்கு? ஏழைங்களை வச்சு வேலை வாங்கின இடம். நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.” விரலைப் பலகையில் வைத்து ஓட்டினார். “ராத்திரி படுக்க இடம் கேட்டு வர்றவன், காலைல ரொட்டியும் டீயும் வாங்கணும்னா அதுக்கு முன்னாடி ஒரு பெட்டி நிறையக் கல்லு உடைக்கணும். வீட்டுல இருந்தபடி உதவி கேட்டா, விசாரிக்க ஆள் வருவாங்க. உண்மையிலேயே ஏழையா, இல்ல சோம்பேறியான்னு பாப்பாங்க.”

“எப்பிடிப் பாப்பினம்?”

“அதைப் பலகைல போடலை.”

யூஜினிக்குக் கல்லும் பெட்டியும் காதில் விழவில்லை. அவளுக்கு விழுந்தது ஒன்றுதான். “அப்ப இது ஏழையளின்ரை இடமே தானே, அண்ணை!” என்றாள். அந்தோனியார் சும்மா ஒரு கதவைத் தரவில்லை, ஏழைகள் இருக்கும் கட்டடத்திலேயே பார்த்துத் தந்திருக்கிறார். இன்றைக்கும் வருமானத்தை நிரூபிக்காமல் இந்த வாசலுக்குள் ஒருவரும் குடிவர முடியாது. ஒவ்வொரு மாடியிலும் பன்னிரண்டு கதவுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் சரிபார்த்து உறுதிசெய்யப்பட்ட ஓர் ஏழை. வெளியே தேடுவானேன்?

அன்றைக்கே தன் கையால் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு எழுதி லிஃப்டில் ஒட்டினாள். பதின்மூன்று ஏழைகளுக்கு இலவச மதியச் சாப்பாடு, பொது அறையில், பசியோடு வரவும் என்று. ஏழைகள் என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள், பணக்காரர் யாரும் பிழையாக விளங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக.

மாலைக்குள் அந்தச் சொல்லை யாரோ வட்டம் போட்டு, “யாரைச் சொல்கிறாய்?” என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே வேறொரு கையெழுத்தில், “நாலாம் மாடிக்காரரைச் சொல்கிறாள் போல” என்று இருந்தது. அதன் கீழே நாலாம் மாடிக்காரர் எழுதியதைத் தமிழில் எழுத முடியாது.

மோகனசுந்தரம் லிஃப்டில் அவளைக் கண்டதும் தொண்டையைச் செருமினார்.

“யூஜினியம்மா, நான் உங்களுக்கு நல்லதுக்குச் சொல்றேன். இங்க யாரும் ஏழை கிடையாது.”

“நீங்களும் இல்லையோ, அண்ணை?”

“நானா? எனக்கு வருமானம் கம்மி. ரெண்டும் வேற.”

சலவை அறையில் கிளாடிஸ் காத்திருந்தாள். ஜமேக்காக்காரி, முதியோர் இல்லங்களில் முப்பது வருடம் தாதியாக இருந்தவள். யூஜினிக்கு இரண்டு மடங்கு உயரம், மூன்று மடங்கு குரல். “நான் ஒருவரிடமும் ஒரு சதம் சும்மா வாங்கினவள் இல்லை. என்னை ஏழை என்று லிஃப்டில் ஒட்டுவதற்கு நீ யார்?” என்றாள். யூஜினி தன் தொழிற்சாலை ஆங்கிலத்தில் அந்தோனியாரை விளக்க முயன்றாள். கிளாடிஸ் பெந்தெகொஸ்தே சபை, புனிதர்களைக் கும்பிடாதவள். விளக்கம் நிலைமையை மேலும் மோசமாக்கியது.

அறிவிப்பைக் கிழித்துப்போட்டுவிட்டு யூஜினி வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டினாள். பிறகு கதவையே பார்த்துக்கொண்டு இருந்தாள். திருநாளுக்கு இன்னும் ஒரு கிழமைதான்.

மனதை ஆற்ற அவள் மீன் குழம்பு வைத்தாள். குழம்பு வாசம் வாசற்கதவின் கீழால் நடைவழிக்குப் போய், நடைவழியால் படிக்கட்டுக்குப் போய், அடுத்த நாள் காலையில் கிளாடிஸைக் கூட்டிக்கொண்டு வந்தது. பின்னால் மோகனசுந்தரம், மொழிபெயர்ப்பதற்காக.

“உன் அறிவிப்புப் பிழை” என்றாள் கிளாடிஸ். “குழம்பில் பிழை ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் பேசி முடிவெடுத்திருக்கிறோம். பன்னிரண்டு பேர் வருவோம்.”

யூஜினிக்கு அழுகை வரப் பார்த்தது.

“ஆனால் சும்மா சாப்பிட மாட்டோம். எங்களுக்கு வேலை தர வேண்டும். வெட்டுவோம், உரிப்போம், கழுவுவோம். செய்த வேலைக்குச் சாப்பாடு. அப்படியென்றால் யாரும் யாரையும் ஒன்றும் சொல்ல முடியாது.”

“இல்லை, இல்லை! ஒருத்தரும் கை வைக்கக் கூடாது” என்றாள் யூஜினி. “சும்மா சாப்பிட்டால்தான் நேர்த்தி!”

மோகனசுந்தரம் மொழிபெயர்த்தார். கிளாடிஸ் கையைக் கட்டிக்கொண்டாள். “அப்படியானால் நீயும் உன் புனிதரும் சாப்பிடுங்கள்.”

பழைய காலத்தில் இந்த வாசலில் நின்றவர்கள் கல் உடைக்காமல் ஒரு கோப்பை தேநீர் கிடைக்காதா என்று ஏங்கியிருப்பார்கள். இவர்களோ உடைப்பதற்குக் கல் தந்தால்தான் வருவோம் என்கிறார்கள். யூஜினிக்கு இது சிரிப்பாகத் தெரியவில்லை. கிளாடிஸ் சொன்னது அவளுக்கு எலும்பு வரைக்கும் விளங்கியது. பேஸ்மென்றில் இருந்த காலம் முழுவதும் அவளும் எல்லோருடைய கோப்பையையும் கழுவிவைத்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் யோசித்தாள். அவர்களுக்கு வேலை வேண்டும், ஆனால் அந்த வேலை சாப்பாட்டில் சேரக் கூடாது. மூன்றாம் நாள் அரிசியைக் களைந்துகொண்டிருக்கும்போது வழி தெரிந்தது. அரிசியில் கல் பொறுக்கவிடலாம். அவர்கள் பொறுக்குகிற அரிசி வேறு, அவள் சமைக்கிற அரிசி வேறு. அதிகாலையிலேயே தன் கையால் சோறாக்கிப் போர்வையால் சுற்றி, பிக்னிக்குக்குக் கொண்டுபோகும் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் சூடு ஆறாது. அவர்கள் உழைத்ததாகவும் இருக்கும், அந்தோனியாரின் கணக்கில் சும்மா சாப்பிட்டதாகவும் இருக்கும்.

ஒரேயொரு சிக்கல். ஸ்காபரோக் கடையில் வாங்கிய அரிசியில் கல் இல்லை. பையை முழுவதுமாகக் கொட்டிப் பார்த்தாள், ஒரு குறுணிக் கல்கூட இல்லை. கல் இல்லாத அரிசியைக் கிளாடிஸுக்கு முன்னால் வைத்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளிப்பட்டுவிடும்.

கீழ் வாசலில் பெரிய செடிச்சாடிகள் இருந்தன. அவற்றில் அழகுக்கு வெள்ளைக் கூழாங்கல் போட்டிருந்தார்கள். யூஜினி ஒரு பின்னேரம் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கைப்பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். கழுவிக் காயவைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. அரிசிக்குள் கிடந்தால் பத்தடி தூரத்திலேயே தெரியும். உடைக்க வேண்டும். பழந்துவாய் ஒன்றில் சுற்றிப் பல்கனியில் வைத்து, ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, சுத்தியலால் போட்டாள். கீழ் வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் முகட்டில் இடித்தார். யூஜினி கொஞ்சம் நிறுத்தி, பிறகு மெதுவாகப் போட்டாள். அப்படியாக, அந்தக் காணியில் எத்தனையோ காலத்துக்குப் பிறகு மறுபடியும் ஒருவர் சாப்பாட்டுக்காகக் கல் உடைத்தார். அதைப் பற்றிப் பலகையில் யாரும் எழுதப்போவதில்லை.

திருநாள் அன்று பொது அறையில் நீள மேசை போட்டு, கேக் தட்டுக்களில் அரிசியைப் பரப்பினாள். அரிசியில் கல் பொறுக்கும் வேலை இருக்கிறது என்று கிளாடிஸிடம் சொல்லியிருந்தபடியால் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். கிளாடிஸ் வேலைக்குப் போகிறவள் மாதிரி முன்கட்டுத் துணியெல்லாம் கட்டியிருந்தாள். மோகனசுந்தரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் கல்லை எடுத்தார்.

“ஆமாம்மா, இருக்கு! இந்தாங்க!” பல்லு முளைத்த பிள்ளையைக் காட்டுகிற மாதிரி எல்லோருக்கும் காட்டினார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் இருந்த உற்சாகத்தை யூஜினி எதிர்பார்த்திருக்கவில்லை. யாருடைய குவியல் பெரிது என்று பார்க்கத் தொடங்கினார்கள். கிளாடிஸ் பக்கத்துத் தட்டைச் சோதித்து, விட்டுப்போன கல் ஒன்றைக் கண்டுபிடித்து, அந்தத் தட்டுக்காரியைத் திரும்பப் பொறுக்க வைத்தாள். இப்படியான அரிசியை விற்ற கடையைச் சும்மா விடக் கூடாது என்று ஒருவர் சொல்ல, மோகனசுந்தரம் உணவுப் பரிசோதகருக்குத் தாமே ஒரு மனு எழுதித் தருவதாகச் சொன்னார்.

“வேண்டாம் அண்ணை, கடைக்காரர் பாவம், பிள்ளைகுட்டிக்காரர்” என்றாள் யூஜினி அவசரமாக.

“கன்ஸ்யூமர் ரைட்ஸ்னு ஒண்ணு இருக்கும்மா.”

பொறுக்கிய அரிசியை அள்ளிக்கொண்டு அவள் மேலே போய், குளிர்ப்பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு இறங்கினாள். மோகனசுந்தரம் ஆவி பறக்கும் சோற்றையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இவ்வளவு சீக்கிரமா வெந்துடுச்சா?”

“இஞ்சத்தை அடுப்பு, அண்ணை. கடும் வேகம்.”

சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பாற்கறி, மீன் குழம்பு. எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள். பன்னிரண்டு பேர். பதின்மூன்றாவது கதிரை காலியாக இருந்தது. அந்தோனியாரே, ஒராள் என்று யூஜினி மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பொது அறைக் கதவு திறந்தது.

உள்ளே வந்த மனிதரை அவளுக்குக் கண்டு தெரியும். வீதியில் ட்ராம் மாதிரி ஓடும் ஸ்ரீற்காரின் தரிப்பிடத்தில் படுப்பவர். ஆனி மாதத்திலும் இரண்டு கோட்டு போட்டிருப்பார். யார் வாசலைத் திறந்துவிட்டார்கள் என்று தெரியவில்லை. வாசம் பிடித்துக்கொண்டு நேராக வந்து, காலியான கதிரையில் உட்கார்ந்தார்.

கிளாடிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இவர் பொறுக்கவில்லை” என்றாள்.

“அது கரெக்ட்” என்றார் மோகனசுந்தரம் தமிழில். பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். “நாம எல்லாரும் ஒரு மணி நேரம் கண்ணு நோகப் பொறுக்கியிருக்கோம். ஒருத்தருக்கு மட்டும் சும்மான்னா நியாயமாம்மா?”

“இவர் ஏழை, அண்ணை!”

“இருக்கலாம். ஆனா உண்மையிலேயே முடியாதவரா, வேலை செய்ய மனசில்லாதவரான்னு நமக்குத் தெரியாதே.”

தட்டு ஒன்றில் பொறுக்காத அரிசி கொஞ்சம் மிச்சமிருந்தது. கிளாடிஸ் அதைத் தள்ளி அந்த மனிதருக்கு முன்னால் வைத்தாள். கோபமாக அல்ல, மரியாதையாகவே. நீங்களும் பொறுக்கிவிட்டுச் சாப்பிடலாம் என்றாள். அந்த மனிதர் குனிந்து அரிசியைப் பார்த்தார். விரலால் ஒருமுறை கிளறினார். நிமிர்ந்தார்.

“நான் சாப்பிட வந்தேன், அம்மணி” என்றார். “வேலை தேடி வரவில்லை.”

யூஜினிக்கு அந்தக் கணம் வாய்வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, அந்தக் கல்லெல்லாம் நான் உடைத்துப் போட்டது, நீங்கள் பொறுக்கின அரிசி மேலே என் குசினியில் அப்படியே கிடக்கிறது என்று. மேசையைப் பார்த்தாள். ஒவ்வொருவரும் தன் தன் கல்லைக் கோப்பைக்குப் பக்கத்தில் சின்னக் குவியலாக வைத்திருந்தார்கள். கிளாடிஸினுடையது எல்லாவற்றிலும் பெரியது. அவள் அதைத் தட்டிவிடாமல் முழங்கையை ஒதுக்கிவைத்துக்கொண்டு சாப்பிட்டிருந்தாள்.

யூஜினி வாயை மூடிக்கொண்டாள். தட்டை எடுத்து ஒதுக்கிவிட்டு, அந்த மனிதருக்கு முன்னால் கோப்பையை வைத்துச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவர் சாப்பிட்டார், மறுபடி நீட்டினார். போட்டாள். மீன் துண்டு இன்னும் இருக்கா என்று கேட்டார். போட்டாள். மூன்றாம் முறையும் போட்டாள். நன்றி என்று சொல்லவில்லை. உப்புக் கொஞ்சம் குறைவு என்றார். கோப்பையைக் கழுவ எழும்பவுமில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே போனார். யூஜினி கதவுவரைக்கும் பின்னால் போய் நின்றாள். கலியாண வீட்டில் பெரிய மனிதரை வழியனுப்புகிற மாதிரி நின்றாள் என்று கிளாடிஸ் பிறகு கட்டடம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

மற்றவர்கள் கோப்பைகளைக் கழுவி அடுக்கி, மேசையைத் துடைத்து, கதிரைகளை மடித்து வைத்துவிட்டுத்தான் போனார்கள். வேண்டாம் என்று அவள் ஒருவரையும் தடுக்கவில்லை.

பின்னேரம் சூசைதாசன் போன் பண்ணினான்.

“என்ன மாதிரி அக்கா? பதின்மூண்டு பேரும் வந்தவையோ?”

“வந்தவை.”

“அப்ப நேர்த்தி முடிஞ்சுது!”

“ஒராள்தான் கணக்கு, தம்பி. அந்தோனியாரிட்டைத் தவணை கேட்டிருக்கிறன், இன்னும் பன்னிரண்டு பேர் வேணும்.”

“இதென்ன கதை? மற்றவைக்கு என்ன குறை?”

“அவையள் வேலை செய்திட்டுச் சாப்பிட்டவை. நான் எப்பிடித் தந்திரம் பண்ணினாலும் அவையள் உழைச்ச ஆக்கள். அதைச் சும்மா குடுத்ததெண்டு அந்தோனியாருக்குச் சொன்னால் அவையளைக் கேவலப்படுத்தின மாதிரி.”

“உங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது, அக்கா. அந்தோனியார் இவ்வளவு கணக்குப் பாப்பாரே? வாற வருசம் எங்கட வீட்டிலை வையுங்கோ. அன்ரனெற்றும் சொல்லுறா. நீங்கள் வந்து சமைச்சால் போதும்.”

பொது அறையில் மிஞ்சிய பாற்கறியைப் போத்தலில் போட்டுக்கொண்டிருந்த யூஜினி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“தம்பி, ஒண்டு கேக்கிறன், கோவியாதை.”

“கேளுங்கோ.”

“உன்ரை வீட்டிலை நான் பதினாலு வருசம் சாப்பிட்டனான். அது நீ எனக்குச் சும்மா தந்ததோ, நான் உழைச்சுச் சாப்பிட்டதோ?”

அந்தப் பக்கத்தில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அன்ரனெற் யாரையோ கூப்பிட்டு, கோப்பையை வடிவாகக் கழுவடா என்று சொல்வது கேட்டது. தம்பி மூச்சு விடுவதும் கேட்டது.

“அக்கா, லைன் கிளியர் இல்லை” என்றான் சூசைதாசன். “நான் பிறகு எடுக்கிறன்.”

லைன் மிகத் தெளிவாகத்தான் இருந்தது.